வேலிமுள் கீறிய கதவு: வீட்டிலேயே சரி பண்ணலாமா, கடைக்குத்தான் போகணுமா?

காரிமங்கலத்தான்
ஞாயிறு, இரவு 8:50

எல்லாருக்கும் வணக்கம். போன வெள்ளிக்கிழமை குலதெய்வம் கோவிலுக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தோம். பென்னாகரம் பக்கம், தார் ரோட்டுல இருந்து உள்ளே 3 கிலோமீட்டர் மண் தடம். ரெண்டு பக்கமும் வேலிக்காத்தானும் உன்னிச்செடியும் தடத்துக்குள்ள சாஞ்சு கிடக்கு. எதிர்ல ஒரு டிராக்டர் வந்துடுச்சு. பின்னாடி எடுக்கவும் இடமில்ல, ஒதுங்கவும் இடமில்ல. முள்ளுக்குள்ளயே விட்டேன். கிரீச்சுனு கேட்ட அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

வண்டி வேகன் ஆர், 2019, சாம்பல் மெட்டாலிக். இடது பக்கம் முன் கதவு, பின் கதவு ரெண்டுலயும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன், 11 கோடு. ரெண்டு கோட்டுல நகம் மாட்டுது. முன் கதவு கைப்பிடிக்குக் கீழே ஒரு இடத்துல மட்டும் அரிசி நீளத்துக்கு வெள்ளையா தெரியுது. பின் பம்பர் மூலையில டிராக்டர் டிப்பரோட நீலக் கலர் அப்பியிருக்கு.

டிங்கரிங் கடையில காட்டினேன். பார்த்த உடனே, "ரெண்டு கதவும் ஃபுல்லா பெயிண்ட் அடிச்சிடலாம், ஒம்பதாயிரம் ஆகும்"னாங்க. அப்பா, "கம்பெனி பெயிண்ட்டு, கை வெக்காதே"ங்கறார். லோன் முடிஞ்சது இந்தத் தை மாசம்தான். கையில கொஞ்சம் நேரம் இருக்கு, பொறுமையும் இருக்கு. வீட்டிலேயே பண்ண முடியுமா? பண்ணினவங்க சொல்லுங்க.

---

தொப்பூர் ஸ்டியரிங்
ஞாயிறு, இரவு 9:14

தம்பி, மொதல்ல வண்டியக் கழுவினீங்களா? கழுவாம எண்ணின எண்ணிக்கைய நம்பாதீங்க. முள்ளுக்குள்ள போய் வந்த வண்டியில பாதிக் கோடு கீறலே கிடையாது, இலைச்சாறும் பட்டைத்தூளும் ஒட்டிக் காஞ்சது. அரூர் பக்கம் கரும்புத் தோட்டத்துக்குப் போய் வந்தப்ப எனக்கு அப்படித்தான். ஒரு ராத்திரி தூங்காம இருந்துட்டு காலையில கழுவினா முக்கால்வாசி போயிடுச்சு.

காஞ்ச துணியில மட்டும் துடைச்சிடாதீங்க. அதுல புதுசா நூறு கோடு விழும்.

---

ஊத்தங்கரை_புதுசு
ஞாயிறு, இரவு 9:31

பல்லு விளக்குற வெள்ளை பேஸ்ட் போட்டு ஈரத்துணியில சுத்திச் சுத்தித் தேய்ங்க ப்ரோ. எங்க வீட்ல ஆக்டிவாவுக்கு அப்படித்தான் பண்றோம், போயிடும். மேல கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினா பளபளன்னு இருக்கும்.

---

பெயிண்டர்_தர்மபுரி
ஞாயிறு, இரவு 10:20

22 வருஷமா இதே வேலை. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க தம்பி.

கீறலை எடுக்கறோம்னு வாயில சொல்றோமே தவிர, கீறலை யாரும் எடுக்கறதில்ல. கீறல்ங்கறது ஒரு பள்ளம். காம்பவுண்ட், அதாவது தேய்க்கற பசை, போட்டுத் தேய்க்கறப்ப அந்தப் பள்ளம் ரொம்பறதில்ல, சுத்தி இருக்கற மேடுதான் பள்ளத்தோட அடி வரைக்கும் இறங்குது. வரப்ப வெட்டி வயலோட சமமாக்கற மாதிரி. அதனால ஒவ்வொரு தடவ தேய்க்கும்போதும் வண்டி மேல இருக்கற லாக்கர், அதாவது கலருக்கு மேல இருக்கற கண்ணாடி மாதிரி பூச்சு, குறையுது. குறைஞ்சது திரும்ப வராது. இத மனசுல வெச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும்.

ஊத்தங்கரை தம்பி சொன்ன பேஸ்ட்டும் அதே வேலையத்தான் செய்யுது. அதுல சன்னமான தூள் இருக்கு, லேசா தேய்க்கும். கண்ணாடி மாதிரி இருக்கற மேல்பரப்புல மெல்லிசா விழுந்த கோடு கொஞ்சம் மங்கும். ஆனா பல்லுக்குன்னு செஞ்ச சரக்கு அது. எந்த பேஸ்ட்டுல தூள் எவ்வளவு கரடுன்னு வண்டிய நெனச்சு யாரும் செய்யல. கறுப்பு வண்டியில போட்டுப் பாருங்க, கோடு போன இடத்துல மூட்டம் போட்ட மாதிரி ஒரு வெளுப்பு நிக்கும். எண்ணெய் விஷயம் வேற. எண்ணெய் பள்ளத்துல போய் உக்காந்து மறைக்கும். ரெண்டு தடவ கழுவினா கோடு பழையபடி வந்து நிக்கும். மறைக்கறது வேற, எடுக்கறது வேற. கடையில விக்கற சில பாலிஷும் மறைக்கற ஜாதிதான்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கழுவிட்டு, நெழல்ல வண்டிய நிறுத்தி, ஒவ்வொரு கோடு மேலயும் கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க. நனைஞ்சதும் கோடு காணாமப் போச்சுன்னா அது லாக்கர்லயே நின்னுடுச்சு, கையாலயே தேய்ச்சு எடுக்கலாம். நனைஞ்சும் தெரிஞ்சா கலருக்கே இறங்கிடுச்சு, அத எந்தக் காம்பவுண்டும் எடுக்காது. நகத்தைக் குறுக்கால ஓட்டிப் பாக்கறதும் சரிதான், ஆனா பூவாட்டம் ஓட்டணும். அழுத்தினா எல்லாத்துலயும் மாட்டும்.

ரெண்டு கதவும் முழுசா அடிக்கணும்னு பாத்த உடனே சொன்னது எனக்குச் சரியாப் படல. தண்ணி தெளிச்சுப் பாக்காம யாராலயும் சொல்ல முடியாது.

---

ஓசூர்_ஷிஃப்ட்
ஞாயிறு, இரவு 11:05

பெயிண்டர் அண்ணன் சொன்னதுக்கு அளவு மட்டும் சேர்க்கறேன். நான் ஃபாக்டரியில வண்டிக்கு பெயிண்ட் அடிக்கற பெயிண்ட் ஷாப்புல வேலை பார்க்கறவன்.

கம்பெனியில இருந்து வர்ற கார்ல தகட்டுக்கு மேல நாலு அடுக்கு. முதல்ல வண்டி பாடியையே தொட்டியில முக்கி, கரண்ட் கொடுத்து ஏத்தற ஈ-கோட், ஏறக்குறைய 20 மைக்ரான். துரு பிடிக்காம காப்பாத்தறது இதுதான். அதுக்கு மேல பிரைமர். அதுக்கு மேல கலர், அதாவது பேஸ் கோட், 15 மைக்ரான் பக்கம். கடைசியா க்ளியர் கோட், நம்ம ஊர்ல லாக்கர்னு சொல்றது, 35-ல இருந்து 50 மைக்ரான் வரைக்கும். எல்லாம் சேர்ந்தே 100 சொச்சம் மைக்ரான்தான். ஜெராக்ஸ் எடுக்கற ஏ4 பேப்பர் ஒண்ண விரலால தொட்டுப் பாருங்க, அதோட தடிமன் கிட்டத்தட்ட 100 மைக்ரான். மொத்த பெயிண்ட்டும் அவ்வளவுதான். லாக்கர் அதுல பாதிகூட இல்ல.

கையால ஒரு தடவ காம்பவுண்ட் போட்டா ஒண்ணு ரெண்டு மைக்ரான் போகும், பயமில்ல. வாட்டர் பேப்பர், அதாவது தண்ணி தொட்டுத் தேய்க்கற உப்புத்தாள், எடுத்தா கணக்கு மாறிடும். வெயில்ல இருக்கற புற ஊதாக்கதிரத் தடுக்கற மருந்து இந்த லாக்கர்லதான் கலந்திருக்கு. அது ரொம்ப மெலிஞ்சா இன்னிக்குத் தெரியாது, ரெண்டு மூணு வெயில் காலம் போனதும் கூரையும் பானெட்டும் தோல் உரியற மாதிரி உரியும். பழைய வண்டிங்க மேல வெள்ளத் திட்டா பாத்திருப்பீங்களே, அது இதுதான்.

---

அரூர்_டீச்சர்
திங்கள், காலை 6:12

பெயிண்டர் சார் எழுதினதை அப்படியே பின்பற்றுங்க தம்பி. போன வருஷம் நானே என் வண்டிக்குப் பண்ணினேன். ஸ்கூல் காம்பவுண்டுல யாரோ ஒரு குழந்தை கல்லால பூ வரைஞ்சுட்டுப் போயிருந்துச்சு. திட்ட மனசு வரல.

ஒரு விஷயத்துல ஜாக்கிரதை. கழுவறதுக்கு வீட்ல யாரையும் உதவிக்கு விடாதீங்க. எங்க வீட்ல நல்ல எண்ணத்துல ஒருத்தர் பாத்திரம் தேய்க்கற பச்சை நாரால பானெட் முழுக்கத் தேய்ச்சுட்டார். காலை வெயில்ல பார்த்தா முழுக்கச் சிலந்தி வலை. குழந்தை வரைஞ்ச பூவ எடுக்க ஒரு மணி நேரம்தான் ஆச்சு. அந்த நார்க் கீறலோட மூணு ஞாயிற்றுக்கிழமை போராடினேன், இன்னும் முழுசா போகல.

---

பர்கூர்_கல்லு
திங்கள், காலை 7:40

டீச்சர் சொல்றதுக்கு எங்க ஊரே சாட்சி. பர்கூர்ல, கிருஷ்ணகிரி சுத்துவட்டாரத்துல கிரானைட் பாலிஷ் பட்டறை, லோடு வண்டின்னு ரோடெல்லாம் கல்லுத்தூள். கிரானைட்டுல குவார்ட்ஸ் இருக்கு. கடினத்துல பத்துக்கு 7, கண்ணாடியவே கீறும். ராத்திரி நிறுத்தின வண்டி காலையில மாவு தூவின மாதிரி இருக்கும். அத காஞ்ச துணியில ஒரு இழுப்பு இழுத்தா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரிதான். டிரைவருங்க தினம் காலையில அழகா துடைக்கறாங்களே, வண்டி ஒளி மங்கறதே அதுலதான். முதல்ல வெறும் தண்ணிய மேல இருந்து கீழ நல்லா விட்டுத் தூள இறக்கிடணும், அப்புறம்தான் கை வைக்கணும்.

ரெண்டு பக்கெட் வெச்சுக்கோங்க. ஒண்ணுல ஷாம்பு, ஒண்ணுல வெறும் தண்ணி. துணிய ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணியில அலசிட்டுத்தான் ஷாம்புல முக்கணும். முடிச்சதும் அந்த வெறும் தண்ணி பக்கெட்டோட அடியப் பாருங்க. எவ்வளவு மண்ணு கதவு மேல தேய்ச்சிருக்க வேண்டியதுன்னு தெரியும்.

---

காரிமங்கலத்தான்
திங்கள், இரவு 9:25

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காலையில 6 மணிக்கே எழுந்து கழுவினேன். தொப்பூர் அண்ணன் சொன்னது சரி. 11 கோடு 7 ஆயிடுச்சு!

தண்ணி தெளிச்சுப் பார்த்தேன். 5 கோடு நனைஞ்சதும் மறைஞ்சு, காஞ்சதும் மெதுவா திரும்ப வந்துச்சு. அதை நின்னு பார்க்கறதுக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. நகம் மாட்டின ரெண்டும் நனைஞ்சும் தெரியுது. அதுல ஒண்ணுலதான் கைப்பிடிக்குக் கீழே அந்த வெள்ளைப் புள்ளி.

புதுப் பிரச்சினை ஒண்ணு. எங்க வீட்டு போர் தண்ணி உப்பு. கழுவி முடிச்சதும் கதவெல்லாம் வெள்ளை வட்டம் வட்டமா நிக்குது. இதுவும் கீறல் மாதிரி பெயிண்ட்ட அரிக்குமா?

---

மாங்கனி_மண்டி
திங்கள், இரவு 9:58

அரிக்கும். உப்புத் தண்ணி வெயில்ல காஞ்சா சுண்ணாம்பு உக்காந்துடும், ரொம்ப நாள் விட்டா லாக்கர்ல பள்ளமே விழும். புதுசா இருக்கறப்பவே வினிகர்ல சரிபாதி தண்ணி கலந்து, துணியில நனைச்சு ஒரு நிமிஷம் வெச்சுத் துடைங்க, உடனே நல்ல தண்ணியில கழுவிடுங்க. போயிடும்.

மாம்பழ சீசன்ல எங்களுக்கு இதவிடப் பெரிய தலவலி மாம்பால். மண்டியில மரத்தடியில நிறுத்தினா காம்புப் பால் சொட்டும். அது கையில பட்டாலே புண்ணாகும், பெயிண்ட்ட விடுமா? காஞ்சதை நகத்தால சுரண்டினா லாக்கரோட வரும். வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துணிய அது மேல பத்து நிமிஷம் போட்டு வெச்சு, ஊறினதும் வழிச்சு எடுக்கணும்.

---

ஊத்தங்கரை_புதுசு
திங்கள், இரவு 10:10

கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. மெஷின்ல வெளிய போற தண்ணிய பிடிச்சு ஊத்தலாமா? வீணாத்தானே போகுது.

---

ஓசூர்_ஷிஃப்ட்
திங்கள், இரவு 10:22

வேண்டாம் நண்பா. நல்ல தண்ணி ஒரு பக்கம் போயிட்டு, மிச்ச உப்பெல்லாம் சேர்ந்து வெளிய வர்றதுதான் அந்தத் தண்ணி. போர் தண்ணியவிட மோசம். ஏசியில இருந்து சொட்டற தண்ணிய பிடிச்சு வையுங்க, காத்துல இருக்கற ஈரம் குளிர்ந்து இறங்கறது, உப்பே இருக்காது. மழைத்தண்ணியும் அப்படித்தான். கடைசிக்கு ஒரு பக்கெட் போதும்.

---

அரூர்_டீச்சர்
திங்கள், இரவு 10:40

ஒகேனக்கல் தண்ணிய மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் ஃபுளோரைடு கலந்த நிலத்தடித் தண்ணியக் குடிச்சு எத்தனை தலைமுறைக்குப் பல்லு காவியாச்சு. அதுக்கு மாத்தா குடிக்கறதுக்குன்னு வர்றது ஒகேனக்கல் தண்ணி. வண்டிக்கு எந்தத் தண்ணியா இருந்தாலும் காயறதுக்குள்ள துடைச்சிட்டா வட்டம் விழாது.

---

பெயிண்டர்_தர்மபுரி
செவ்வாய், காலை 5:50

நல்லா பாத்து எழுதியிருக்கீங்க தம்பி. இப்ப அந்த 5 கோட்டுக்கு வழி சொல்றேன்.

தேய்க்கற காம்பவுண்ட் சின்ன பாட்டில் வாங்குங்க. 3எம்-ஓ வேற எதுவோ, காருக்குன்னு எழுதியிருந்தா போதும். லாரிக்குப் போடற கரடு ரப்பிங் டப்பா வேண்டாம். ஸ்பாஞ்சு திண்டு ஒண்ணு, மைக்ரோஃபைபர் துணி நாலு. பனியன் வேஸ்ட் கண்டிப்பா வேண்டாம், அதுல தையல் இருக்கும், சில சமயம் பட்டனே இருக்கும்.

காலையில 9 மணிக்குள்ள முடிக்கணும், இல்ல சாயங்காலம். புறங்கைய கதவு மேல வெச்சுப் பாருங்க, சூடு தெரிஞ்சா ஆரம்பிக்காதீங்க. சூட்டுல காம்பவுண்ட் உடனே காஞ்சு, அந்தக் காஞ்ச தூளே கீறும். கதவோட ஓரமும், கதவு நடுவுல மடிப்பு மாதிரி ஓடற கோடும் இருக்குல்ல, அது மேல மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. பெயிண்ட் அடிக்கும்போது மடிப்புல நிக்காம வழிஞ்சிடும், அங்க எப்பவும் மெல்லிசுதான்.

பட்டாணி அளவு காம்பவுண்ட். ஒரு முழம் நீளத்துக்கு மேல ஒரே சமயத்துல எடுத்துக்காதீங்க. கோடு ஓடற திசைக்குக் குறுக்கால முன்னும் பின்னுமா தேய்ங்க, அப்புறம் நீளவாக்குல. அழுத்தம் ஆரம்பத்துல கொஞ்சம், போகப் போக லேசா. ரெண்டு நிமிஷம் போதும், துடைச்சிடுங்க. பளபளன்னு தெரிஞ்சதும் ஏமாந்துடாதீங்க, காம்பவுண்டுலயும் எண்ணெய்ப் பசை இருக்கு, அது மறைக்கும். மருந்துக் கடையில ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், சரிபாதி தண்ணி கலந்து துடைச்சுட்டு, டார்ச்ச சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. அப்பத் தெரியறதுதான் நெஜம். தேவைப்பட்டா இன்னொரு தடவ, மிஞ்சினா மூணு. மூணுலயும் போகலன்னா கைய எடுத்துடுங்க.

பம்பர் நீலம் பத்திக் கவலப்படாதீங்க. அது உங்க வண்டியில இருந்து போனது இல்ல, அடுத்த வண்டியில இருந்து வந்து ஒட்டினது. அதே ஆல்கஹால்ல முதல்ல துடைங்க, மிச்சத்த காம்பவுண்ட் எடுத்துடும்.

---

தொப்பூர் ஸ்டியரிங்
செவ்வாய், காலை 8:30

பம்பர்ல தின்னர் போடாதீங்க தம்பி, நான் பட்டவன். ஒரு தடவ பம்பர்ல மஞ்சக் கலர் ஒட்டினதுக்கு பெயிண்ட் கடையில என்.சி. தின்னர் வாங்கித் துடைச்சேன். அந்த பம்பர் முன்னாடியே ஒருக்கா வெளிய அடிச்சதுன்னு எனக்குத் தெரியாது. மஞ்சளோட சேர்ந்து என் வண்டிக் கலரும் துணியில வந்துடுச்சு. அடியில கறுப்பு பிளாஸ்டிக் தெரிஞ்சப்ப கை அப்படியே நின்னுபோச்சு.

அப்புறம், யாரும் சொல்லாத ஒண்ணு. இன்சூரன்ஸ்ல போடலாம்னு யாராவது சொல்லுவாங்க. இந்த அளவுக்கு க்ளெய்ம் போடாதீங்க. 1500 சிசி வரைக்கும் இருக்கற வண்டிக்குக் கட்டாயக் கழிவு 1000 ரூபாய் நம்ம கையில இருந்து போகும். அதவிட, க்ளெய்ம் இல்லாத வருஷத்துக்குக் கிடைக்கற போனஸ் போயிடும். முதல் வருஷம் 20 சதவீதம், அஞ்சு வருஷம் தொடர்ந்து வந்தா 50 வரைக்கும் போறது. ஒரு சின்ன க்ளெய்ம் போட்டா மறுபடி சைபர்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

---

காரிமங்கலத்தான்
புதன், இரவு 8:05

5 கோடும் போயிடுச்சு!!

மூணு கோடு முதல் தடவையிலேயே. ரெண்டு கோடு ரெண்டாவது தடவைக்கு. ஆல்கஹால்ல துடைச்சுட்டு டார்ச் அடிச்சும் பார்த்துட்டேன், இல்லவே இல்ல. பம்பர் நீலமும் போயிடுச்சு, அடியில ஒரே ஒரு சின்ன உரசல்தான். அம்மா வந்து கதவத் தடவிப் பார்த்துட்டு, "எங்கடா இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க. எனக்கே இடம் தெரியல.

இப்ப மிச்சம் இருக்கறது நகம் மாட்டற ரெண்டு கோடு. வாட்டர் பேப்பர் 2000 (நம்பர் கூடக் கூட சன்னமாம்) போட்டுத் தேய்க்கற வீடியோ நிறைய பார்த்தேன். பண்ணலாமா? பக்கத்து வீட்ல டிரில்லிங் மெஷினுக்கு மாட்டற பஃப் திண்டு இருக்கு, அதையும் தர்றேங்கறாங்க.

---

பெயிண்டர்_தர்மபுரி
புதன், இரவு 8:40

டிரில்லிங் மெஷின் வேண்டவே வேண்டாம். அது நின்ன இடத்துலயே சுத்தும், வேகம் கையில நிக்காது. ஒரே இடத்துல ரெண்டு செகண்ட் கூட நின்னா சூட்டுல லாக்கர் வெந்துடும். ஒரு பாலிஷ் கடையில ஓரத்துல மெஷின விட்டு, கதவு மடிப்பு முழுக்கக் கலரே போய் என்கிட்ட வந்த வண்டி இருக்கு. பாலிஷுக்குப் போனவர் பெயிண்ட்டுக்குக் காசு கொடுத்துட்டுப் போனார். பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

வாட்டர் பேப்பரும் நீங்க வேண்டாம்னுதான் சொல்வேன்.

---

அரூர்_டீச்சர்
புதன், இரவு 9:02

சார், நான் 2000-ம் 3000-ம் போட்டுத்தான் அந்தப் பூவோட ஆழமான இதழ எடுத்தேன். கவனமா பண்ணினா முடியும். தம்பிக்குப் பொறுமை இருக்கு, கழுவின விதத்துலயே தெரியுது. பேப்பர கால் மணி நேரம் ஷாம்பு தண்ணியில ஊற வெச்சு, ஸ்கூல் பிள்ளைங்க அழிக்கற பெரிய ரப்பர்ல சுத்திப் பிடிச்சுக்கிட்டேன். விரலால பிடிச்சா விரல் படற இடம் மட்டும் குழியாகும். எட்டு தடவ இழுப்பு, துடைச்சுப் பார்த்தல், மறுபடி எட்டு. அவ்வளவுதான்.

---

பெயிண்டர்_தர்மபுரி
புதன், இரவு 9:30

டீச்சரம்மா, நீங்க பண்ணினது நல்லா வந்திருக்கும், மறுக்கல. உங்க வண்டி வெள்ளைன்னு நெனைக்கறேன். வெள்ளையில கொஞ்சம் கூடுதலா போனாலும் கண்ணு மன்னிக்கும். மெட்டாலிக் மன்னிக்காது. லாக்கரத் தாண்டி கலர்ல பேப்பர் பட்டுச்சுன்னா அதுல இருக்கற அலுமினியப் பொடி கலைஞ்சு அங்க ஒரு கறுத்த திட்டு நிக்கும், கதவு மொத்தமும் அடிச்சே ஆகணும்.

சரி, தம்பிக்கு ஆசையிருந்தா ஒண்ணு பண்ணுங்க. பழைய இரும்புக் கடையில ஒடுங்கின ஃபெண்டரோ கதவோ எடை போட்டு வாங்குங்க, மெட்டாலிக் கலரா பாத்து. அதுல பேப்பர் போட்டு வேணும்னே லாக்கரத் தாண்டற வரைக்கும் தேய்ங்க. வர்ற தண்ணி பால் மாதிரி வெள்ளையா இருக்கற வரைக்கும் லாக்கர். கலரா மாறினா தாண்டிட்டீங்க. எத்தனை இழுப்புல தாண்டுதுன்னு எண்ணிக்கோங்க. அத உங்க கையாலயே பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

---

காரிமங்கலத்தான்
சனி, இரவு 7:50

பண்ணினேன். கிருஷ்ணகிரியில பழைய இரும்புக் கடையில சில்வர் ஃபெண்டர் ஒண்ணு கிடைச்சது.

ரப்பர்ல 2000 பேப்பர சுத்தி, நடுவுல ஒரு இடத்துலயும் மடிப்பு மேல ஒரு இடத்துலயும் தேய்ச்சேன். நடுவுல ரொம்ப நேரம் வெள்ளைத் தண்ணிதான் வந்துச்சு, சலிச்சுப் போய் நிறுத்திட்டேன். மடிப்பு மேல பதினாலாவது இழுப்புல தண்ணி சாம்பலாச்சு. பதினாலு! பேச்சுவாக்குல தேய்ச்சா இருபது சாதாரணமா போயிடும். விரல்ல எடுத்துப் பார்த்தேன், மினுமினுன்னு பொடி. அந்த இடத்துல காம்பவுண்ட் எவ்வளவு போட்டும் ஒளி வரல.

என் கதவுல அந்த ரெண்டு கோட்டுல ஒண்ணு, மடிப்புக்கு ரெண்டு விரல் மேலதான் ஓடுது. அதுல பேப்பர் வைக்க எனக்கு மனசு வரல. ரெண்டாவது கோடு நடுவுல, சமமான இடத்துல இருக்கு. அதுக்கு 3000 மட்டும் போட்டு, எட்டு எட்டா மூணு தடவ, அப்புறம் காம்பவுண்ட். கோடு முழுசா போகல, ஓரம் மட்டும் மழுங்கிடுச்சு. நகம் இப்ப மாட்டல. நாலடி தள்ளி நின்னா தெரியாது, குனிஞ்சு பார்த்தா தெரியும். அதோட நிறுத்திட்டேன்.

---

பெயிண்டர்_தர்மபுரி
சனி, இரவு 8:15

நிறுத்தினீங்க பாருங்க, அதுதான் தம்பி வேலை. இத்தனை பசங்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்திருக்கேன், தேய்க்க எல்லாரும் கத்துக்கறாங்க, நிறுத்தக் கத்துக்கத்தான் வருஷக் கணக்காகுது.

அந்த வெள்ளைப் புள்ளிய மட்டும் விட்டுடாதீங்க. வெள்ளைன்னா பிரைமர் தெரியுது. இன்னும் தகடு வரல, துரு பயம் இப்பைக்கு இல்ல, ஆனா மழைக் காலத்துக்குள்ள மூடிடணும். பானெட்டத் திறந்தா உள்ள தகடு ஒண்ணுல வண்டி விவரம் அடிச்சிருக்கும், பல மாருதி வண்டியில கலர் நம்பரும் அங்கேயே இருக்கும். அந்த நம்பரச் சொல்லி டச்சப் பாட்டில், அதாவது சின்ன இடத்துக்குத் தொட்டு வைக்கற பெயிண்ட், வாங்குங்க. கண்ணுல பாத்து சாம்பல்னு வாங்கினா சேராது, சாம்பல்லயே எத்தனையோ இருக்கு.

பாட்டில்ல வர்ற பிரஷ்ஷால பூசாதீங்க, அது ரொம்பத் தடிமன். பல்லுக் குத்தற குச்சி நுனியில தொட்டு அந்தப் பள்ளத்துக்குள்ள மட்டும் விடுங்க, கோலப்புள்ளி வெக்கற மாதிரி. அரை மணி நேரம் காய விட்டு இன்னொரு தடவ. காயக் காய உள்ள இறங்கும், அதனால ரெண்டு மூணு தடவ வேணும். அதுக்கு மேல லாக்கர் ஒரு சொட்டு. ஒரு வாரத்துக்குக் கை படக் கூடாது. மெட்டாலிக்குங்கறதால கிட்ட பாத்தா அச்சு அசல் சேராது. பொடி படுத்திருக்கற விதம் வேற, கொஞ்சம் கறுப்பாத்தான் தெரியும். ஆனா தகடு பத்திரம்.

---

பர்கூர்_கல்லு
சனி, இரவு 9:10

இதெல்லாம் முடிச்சுட்டு செராமிக் கோட்டிங் போட்டா அடுத்த தடவ முள்ளு கீறாதாண்ணா? பெங்களூர்ல பண்ணிக்கச் சொல்றாங்க.

---

ஓசூர்_ஷிஃப்ட்
சனி, இரவு 9:33

கீறும். செராமிக்குங்கறது மெல்லிசான ஒரு படலம். தண்ணி நிக்காம ஓடும், கழுவறது சுலபம், எச்சம், உப்பு வட்டம் இதுக்கெல்லாம் நல்லது. முள்ள அது தடுக்காது. முள்ளையும் சிறு கல்லையும் தாங்கறது பி.பி.எஃப்.னு சொல்ற, பெயிண்ட் மேல ஒட்டற பிளாஸ்டிக் பிலிம்தான், அது 150-ல இருந்து 200 மைக்ரான் வரும், அதாவது நம்ம மொத்த பெயிண்ட்டவிடத் தடிமன். செலவும் அப்படி. முழு வண்டிக்கு ஒட்ட முடியலன்னா கைப்பிடிக் குழி, கதவு ஓரம், பானெட் நுனி மட்டும் ஒட்டறவங்க இருக்காங்க.

---

அரூர்_டீச்சர்
ஞாயிறு, காலை 7:05

தம்பி, ஆடிக்கு மறுபடி கோவிலுக்குப் போவீங்கதானே? அதே தடம், அதே முள்ளு. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?

---

காரிமங்கலத்தான்
ஞாயிறு, இரவு 8:20

டீச்சர், நீங்க கேட்ட நேரத்துல அப்பா அங்கதான் இருந்தார். காலையில அரிவாளும் கொக்கியும் எடுத்துக்கிட்டு, எங்க பங்காளிங்க நாலு பேரக் கூட்டிக்கிட்டு டூவீலர்ல போயிட்டார். எதிர்ல வந்த டிராக்டர்காரரும் கூட வந்து வெட்டினாராம், அவருக்கும் தினம் கையில கீறுதாம். சாயங்காலத்துக்குள்ள ஒண்ணரை கிலோமீட்டர் ரெண்டு பக்கமும் சுத்தமாச்சு. மிச்சம் அடுத்த ஞாயிறு, நானும் போறேன்.

டச்சப் பாட்டில் ஓசூர்ல சொல்லியிருக்கேன், புதன்கிழமை வரும். மடிப்புக்கு மேல இருக்கற அந்த ஒரு கோட்ட அப்படியே விட்டுட்டேன். அப்பா அது மேல விரல வெச்சு ஒரு தடவ ஓட்டிப் பார்த்துட்டு, "இருந்துட்டுப் போகட்டும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டார்.